திருநீறு பூசிய குப்பிகள்

விஜயதசமிக்கு மறுநாள் காலை தெய்வானையின் சாம்பிள்களை, எந்த அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லும் எச்.பி.எல்.சி. மெஷினில் ஓட்டினேன். காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அந்த மெஷின் என் பொறுப்பு. வரைபடத்தில் சக்சினிக் அமிலத்தின் பீக் கோபுரமாக எழ வேண்டிய இடத்தில் எறும்புப் புற்று அளவுக்கு ஒன்று வந்தது. அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் கரைசலை ஓட்டிப் பார்த்தேன். மெஷினில் கோளாறு இல்லை.

அவள் ஒக்கூர்ப் பெண். நீலப்பச்சைப் பாசியில் பிஎச்.டி. வெளிச்சத்தில் அந்தப் பாசி தன் சாப்பாட்டைத் தானே செய்து மிச்சத்தைச் சேர்த்து வைக்கும். காற்றில்லாமல் இருட்டில் அடைத்தால், சேர்த்ததைக் கரைத்துப் பிழைத்துக்கொண்டு, சக்சினிக், அசிட்டிக் என்று அமிலங்களைத் தண்ணீரில் கக்கும். வெளிச்சம் பட்டால் கக்குவது நின்றுவிடும். அதனால்தான் குப்பிகளுக்கு அலுமினியத் தாள் சுற்றுவோம். இது அவளுடைய கடைசி பேட்ச். கால நீட்டிப்பும் வாங்கியாயிற்று, அந்த மாதத்தோடு பதிவு முடிகிறது. இன்னொரு பேட்ச் வளர்க்க நேரமே இல்லை.

"தெய்வானை, குப்பியைத் தொறந்தியா?"

"தொறக்கலண்ணே. ஆயுத பூசையில வச்சேன். பட்டை போட மட்டும் தாளைக் கொஞ்சம் உரிச்சேன்."

எங்கள் கூடத்தில் எல்லாக் கருவிக்கும் அன்று திருநீற்றுப் பட்டை உண்டு. தாளில் ஒட்டாது என்று மூன்று விரல் அகலத்துக்கு உரித்து, கண்ணாடியில் குழைத்துப் பூசியிருக்கிறாள். திருநீறே மறைத்துக்கொள்ளும் என்று நினைப்பு. பூசையில் வைத்ததை விஜயதசமிவரை யாரும் எடுப்பதில்லை. திருநீறு காய்ந்து உதிர்ந்தது. சாமி படத்தைச் சுற்றிய சீரியல் லைட்டும், மேலே டியூப் லைட்டும் அணையவே இல்லை.

"இத்தன வருசமா எனக்குச் சோறு போட்டது இதுகதானண்ணே. மெஷினுக்கெல்லாம் வைக்கிறீக. இதுகளுக்கு வைக்காம இருக்க மனசு வரல."

ரிசல்ட்டை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவளுடைய கைடு வந்தார். அவரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "போன பேட்ச்ல வந்த நம்பரையே லேசா மாத்திப் போட்டுரும்மா. யாரு பாக்கப் போறாக?" என்றார்.

"நான் பாத்துட்டேனே சார்."

அவள் தீசிஸ் கொடுக்கவில்லை. இப்போது சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர்.

அந்தக் கைடு மனுஷன் சும்மா இருந்தாரா? அடுத்துச் சேர்ந்த மாணவருக்கு அவர் கொடுத்த தலைப்பு, மங்கலான வெளிச்சம் பாசியின் அமிலத்தை எப்படிக் குறைக்கிறது என்பது. தாளை மூன்று விரல் அகலத்துக்குத்தான் உரித்தார்கள். நான்தான் ஓட்டினேன். அதே எறும்புப் புற்று. பட்டமும் கிடைத்தது. நன்றிப் பக்கத்தில் என் பெயர்கூட இருந்தது. தெய்வானையின் பெயரைத் தேடினேன், இல்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

லேபில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கெட்டுப்போன சாம்பிளைக் கொட்டுமுன், அது ஏன் கெட்டது என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போட்டு வையுங்கள். அவள் வாயால் சொன்னதோடு சரி. கடைசி நாளன்று குப்பிகளை நன்றாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அடுத்த தீசிஸ் அந்தக் குப்பிகளில்தான் நடந்தது.