மீடியம் சைஸ் ஆட்டக்காரரும் எங்கள் கட்டிங் மாஸ்டரும்

வாங்குகிறவருக்கும் தைக்கிறவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்துக்கொள்வார்கள். திருப்பூரில் அந்த ஆளுக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து மெயில் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிட அதிகப் பயம். அப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு, நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு மனிதரை நினைத்து நான் வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கூடைப்பந்து ஆட்டக்காரர். அவருடைய சட்டை எங்கள் யூனிட்டில் தைத்தது.

வாசக்கால் சந்தேகம்

மணிலாவில் உள்ள ஒரு கூடைப்பந்து கிளப்பின் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தபோது, எனக்குத் தெரிந்த பந்து விளையாட்டு தாராபுரத்தில் பள்ளிக்கூடத்தில் ஆடிய த்ரோபால் மட்டும்தான். ரசிகர்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சட்டைகள் மொத்தமாக ஒரு பக்கம். ஆட்டக்காரர்கள் களத்தில் போடும் சட்டைகள், ஆளுக்கு ஆள் அளவு பார்த்துத் தைப்பது, தனியாக இன்னொரு பக்கம். அந்த அளவுகளைப் பார்த்ததும் கிளப் அலுவலகத்தில் எனக்கு மெயில் போடும் லிசெல் என்ற பெண்ணிடம், “இதெல்லாம் மனிதர்கள் அளவுதானா?” என்று கேட்டே விட்டேன். ஆமாம் என்றாள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி மடத்துக்குளத்துக்காரர். கட்டிங் டேபிள் பக்கம் முதலாளி வந்தால்கூட அவரைக் கேட்டுத்தான் துணியைத் தொடுவார். முதல் சட்டை தைத்து வந்ததும் மாஸ்டர் அதைத் தன் மேல் வைத்துப் பார்த்தார். முழங்காலையும் தாண்டி இறங்கியது. குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இவங்க ஊட்டுலயெல்லாம் வாசக்காலு எத்தன ஒசரம் வெச்சிருப்பாங்க அம்மிணி?”

டீ நேரத்து மேட்ச்

மணிலாவின் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு நடக்கும் மேட்ச் நமக்கு டீ நேரத்தில் வந்துவிடும். நாங்கள் தைத்த சட்டை களத்தில் ஓடுவதைப் பார்க்கும் ஆசையில், என் போனை நூல்கண்டு மேல் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். மேட்ச் முடியப்போகிற சமயத்தில் முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பதிலாக பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். எழுந்த பிறகும் உட்கார்ந்திருப்பவர்கள் உயரம்தான் இருந்தார். முதுகில் பதினாறாம் எண். சட்டை தொடை வரைக்கும் தொங்கியது, கை நுழையும் இடத்தில் இடுப்பு தெரிந்தது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த தம்பியைப் போல இருந்தார். அரங்கமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆர்டரில் ஒரே ஒரு மீடியம் சைஸ் உண்டு, அது பதினாறு என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. உங்களுக்குத் தெரியும், இந்த மாதிரி நேரத்தில் கண்ணுக்கு முன்னால் முதலாளி முகம்தான் வரும். ஆனால் அதற்குள் அந்தக் குள்ளமான மனிதர் பந்தைத் தட்டிக்கொண்டு மூன்று மலைகளுக்கு நடுவே புகுந்து, அத்தனை கைகளுக்கும் மேலாகப் பந்தை எறிந்துவிட்டார். அது கூடைக்குள் விழுந்தபோது நேரமும் முடிந்தது. சிரித்த அரங்கம் எழுந்து நின்று கத்தியது. பயத்தையும் மறந்து நானும் கத்தினேன். கத்தி முடித்துவிட்டு மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துளியும் அசரவில்லை. “பந்து வெளையாடற ஆளு நம்ம தைக்கற புள்ள ஸ்டெல்லா ஒசரத்துலயா இருப்பானுங்க? அளவ டைப் அடிச்சவங்க தப்பா அடிச்சுட்டாங்கன்னு நாந்தானுங்க எக்ஸெல் சைஸுக்குச் சரி பண்ணி, லேபிளையும் மாத்தச் சொன்னேன்.”

வராத புகார்

அடுத்த நாள் முழுக்க மன்னிப்பு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். பழியை யார் மேல் போடுவது என்று தெரியாமல் கூரியர்காரர் வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். அனுப்புவதற்குள் லிசெலே போன் செய்துவிட்டாள். அந்தப் பதினாறாம் எண் ஆட்டக்காரரை அங்கே எல்லோரும் டோடோங் என்று கூப்பிடுகிறார்கள். அவர் பிறந்த தீவில் சின்னப் பையன்களை அப்படித்தான் அழைப்பார்களாம், நம்மூரில் கண்ணு என்கிற மாதிரி. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

புகார் ஒன்றும் இல்லை, வேண்டுகோள்தான் உண்டு என்றாள். டோடோங் சொன்னதை அப்படியே படித்துக் காட்டினாள்: “என் சட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைத் தடுக்க மறந்துவிட்டார்கள். இனிமேலும் இதே அளவில் தைத்துக் கொடுங்கள்.”

செருப்புக்காலோடு

அதன் பிறகு லிசெலோடு பேசும்போதெல்லாம் பாதி நேரம் ஆர்டர், பாதி நேரம் டோடோங். அவர் அப்பா மீன்பிடிக்கிறவர். டோடோங் தென்னை மரத்தில் ஒரு இரும்பு வளையத்தை அடித்து வைத்து, ரப்பர் செருப்போடு ஆடிப் பழகியவர். ஊர்த் திருவிழாப் போட்டிகளில் ஆடியதைப் பார்த்து மணிலாக் கல்லூரி ஒன்று இடம் கொடுத்திருக்கிறது. படிப்பு முடிந்ததும் கிளப்புகள் வரிசையாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், எல்லோரையும் எடுத்து முடித்துவிட்டு, நாற்காலிகளை மடக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்களாம். அதுவும் ஒரு சீசனுக்கு மட்டும். சீசன் முடிந்ததும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீவுக்குப் படகு ஏற வேண்டியதுதான்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு புது வியாதி தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு சீசனுக்கும் ஆர்டர் வந்ததும், பதினாறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். இருந்தால் மாஸ்டர் அன்று எல்லோருக்கும் பஜ்ஜி சொல்லுவார். டோடோங் ஆடும் நாளில் தையல் லைன் முழுவதும் என் போனைச் சுற்றித்தான் இருக்கும். சாத்தான்குளத்திலிருந்து வந்து எங்கள் யூனிட்டில் தைக்கும் ஸ்டெல்லா, அவர் பந்தோடு உள்ளே புகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். திறந்து பார்த்தால் பந்து கூடைக்குள் இருக்கும். “அவன் தலையே அவங்க நெஞ்சுக்குத்தான் நிக்கு, பொறவு எப்படிக்கா மேல போயிட்டு வாரான்?” என்று என்னிடம் கேட்டாள். எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அது எனக்கு அதிசயமாகவே இருந்தது. ஸ்டெல்லாவே ஒரு பதிலும் கண்டுபிடித்தாள்: “அந்தப் பெரிய சட்டைக்குள்ள இன்னொரு ஆளும் இருக்கான்க்கா, சத்தியமாச் சொல்லுதேன்.”

எக்ஸ்சேஞ்ச்

ஒரு சீசனில் பதினாறு இல்லை. பட்டியலில் அந்த எண்ணே காணோம். லிசெலைக் கேட்டேன். டோடோங்கை வேறு கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து உயரமான ஒருவரை வாங்கிக்கொண்டார்களாம். அவள் குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. அவர் விடைபெற வந்தபோது லாக்கரிலிருந்து அந்த முதல் சட்டையை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனார் என்றாள்.

கட்டிங் டேபிளில் போய்ச் சொன்னேன். மாஸ்டருக்கு முதலில் விளங்கவே இல்லை. அந்த ஊரில் கிளப்புகள் இப்படி ஆட்களை மாற்றிக்கொள்வது வழக்கம், ஆட்டக்காரரின் சம்மதம்கூட வேண்டியதில்லை என்று இரண்டு முறை விளக்கினேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். “பழைய மெசின எக்ஸ்சேஞ்சுல குடுப்போம், சரிங்க. மனுசன எப்படிங்க எக்ஸ்சேஞ்சுல குடுப்பாங்க?”

முழுப்பெயர்

போன இடத்தில் அவருக்கு முழங்கால் போய்விட்டது. குதித்து இறங்கும்போது மடங்கிய கால் நிமிரவில்லை. ஆபரேஷன் முடிந்து நடக்கத் தொடங்குவதற்குள் அந்தக் கிளப்பும் அவரைக் கைகழுவிவிட்டது. வயதும் ஏறிவிட்டதால் இனி யாரும் எடுக்கமாட்டார்கள் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். அவர் மட்டும் படகிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போய், நகராட்சி மண்டபங்களில் நடக்கும் சின்னப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். பெரிய அரங்கத்தில் ஆடியவர் விசிறி ஓடாத மண்டபத்தில் ஆடுகிறாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. லிசெல் அதை வேறுவிதமாகச் சொன்னாள். அவருக்குக் கூடை ஒரே உயரம்தான், எங்கே மாட்டியிருந்தாலும் பத்தடி என்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காக ஜெபம் செய்யப் போவதாக ஸ்டெல்லா என் மேஜைக்கு வந்தாள். வந்தவள் போகாமல் நின்றாள். என்னவென்று கேட்டேன். “அவன் முழுப்பேரு என்னக்கா? டோடோங்னு சொன்னா அந்த ஊருல எந்த டோடோங்னு ஆண்டவரே கேப்பாருலா!”

ஆணியில் தொங்கிய அட்டை

நாங்கள் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அளவு அட்டை வெட்டி ஆணியில் மாட்டி வைப்போம். ஆள் போனால் அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். பதினாறின் அட்டை மட்டும் போகாமல் தொங்கிக்கொண்டே இருந்தது. சுத்தம் செய்ய வந்த ஆட்களிடம் மாஸ்டர் அதற்காகச் சண்டையே போட்டார்.

அப்புறம் ஒருநாள் லிசெலின் மெயில் வந்தது. பழைய கிளப்புக்குப் புதுக் கோச் வந்திருக்கிறார், மண்டபத்தில் டோடோங் ஆடியதை அவர் பார்த்திருக்கிறார். பதினாறு மறுபடியும் வேண்டும், பழைய அளவிலேயே. நான் படிக்கட்டில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஷிப்மென்ட் கேன்சலாகிவிட்டது என்று நினைத்து முதலாளி பின்னாலேயே ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் நிதானமாக அட்டையை எடுத்துத் தூசியை ஊதினார். “அட்டையக் கிழிச்சுப் போட்டிருந்தா ஆளு எப்படிங்க திரும்பி வருவான்?”

கூரைக்கு ஒரு சட்டை

திரும்பி வந்தவர் முன்போலப் புகுந்து ஓடவில்லை. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, மற்றவர்கள் கையில் சரியான நேரத்தில் பந்தைக் கொண்டுபோய் வைத்தார். இளசுகள் கூடையில் போட்டார்கள். கிளப் கோப்பை வாங்கியது. ஆடியது போதும் என்று அவர் சொன்னபோது, பதினாறாம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை, அவர் சட்டையை அரங்கத்தின் கூரையில் நிரந்தரமாகத் தொங்கவிடுவது என்று கிளப் முடிவு செய்தது. தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே, ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய சட்டை வேண்டும். மணிலாவிலேயே தைக்கலாம். ஆனால் முதல் சட்டையை வெட்டியவர்தான் இதையும் வெட்ட வேண்டும் என்று டோடோங் சொல்லிவிட்டாராம்.

அட்டைகளை ஒட்டி ஒட்டி மாஸ்டர் மேஜை நீளத்துக்கு வரைந்தார். ஸ்டெல்லா தைக்கும்போது துணியைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். விழா அன்று டீ நேரத்தில் மெஷின்கள் எல்லாம் நின்றன. முதலாளியும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். போனில் அரங்கம் இருட்டாகி, ஒரே ஒரு வெளிச்சத்தில் எங்கள் சட்டை மெல்ல மெல்ல மேலே ஏறியது. கீழே அந்த மனிதர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு தனியாக நின்றார். அவ்வளவு பெரிய இடத்தில் அவ்வளவு சின்னதாக. செருப்புக்காலோடு தொடங்கிக் கூரை வரைக்கும் வந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பாத்தீங்களா அம்மிணி, அன்னைக்கு நான் வெட்டுன எக்ஸெல்லும் அந்தக் கண்ணுக்குப் பத்தாமப் போச்சுங்க.”

மெர்ச்சண்டைசர் நாற்காலியில் காலம் தள்ளும் என் இனத்தாரே, தப்பான அளவில் போன சட்டை நம் கோடவுனுக்குத் திரும்பி வராமல் இன்னும் பெரிதாகிக் கூரைக்குப் போனது எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான்.