பொம்மை ஓடக்கூடாது

எந்தங்கச்சி முத்துமீனா மூணே முக்கால் அடி. முதல்லயே சொல்லிப்புடுறேன், ஏன்னா அவளப் பாத்தா எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்குறாங்க. வயசு முப்பத்திரண்டு. கப்பலூர்ல ஒரு ரப்பர் கம்பெனியில செக்கிங் வேலை. நான் பேச்சிமுத்து, அவனியாபுரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். எனக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி. அவளப் பாத்துச் சிரிச்சவன் சட்டையப் பிடிச்சே என் பாதி ஆயுசு போயிருச்சு.

அவ அப்படியில்ல. எவனாச்சும் சிரிச்சான்னு வைங்க, அசையாம அவனைத் திருப்பிப் பாப்பா. கண்ணு இமைக்காது. மூஞ்சியில கோவம் இருக்காது, அழுகை இருக்காது, ஒண்ணுமே இருக்காது. சிரிச்சவன் கொஞ்ச நேரத்துல தானா வேற பக்கம் திரும்பிக்குவான். "எப்படிடி?"ண்டு கேட்டா, "நான் என்னண்ணே பண்ணேன், சும்மாதான இருந்தேன்"ம்பா. அந்தச் சும்மா இருக்குறது எம்புட்டுப் பெரிய வித்தைண்டு எனக்கே மூணு வருசத்துக்கு முன்னாடிதான் தெரிஞ்சுச்சு.

விளாங்குடிப் பக்கம் ஒரு பழைய பங்களாவுல பேய்ப்பட ஷூட்டிங். அவளுக்கு லீவு நாள், ரெண்டு பேரும் வேடிக்கை பாக்கப் போனோம். சென்னையிலருந்து கொண்டாந்த பொம்மை, கழுத்துல மோட்டார் வச்சது, அன்னைக்குண்டு பாத்து மக்கர் பண்ணிருச்சு. டைரக்டர் சூர்யபிரகாஷ் தலையில கைய வச்சு உக்காந்திருந்தாரு. அப்படியே நிமிர்ந்தவரு கூட்டத்துல இவளப் பாத்துட்டாரு. இவளும் அவரையே பாத்துக்கிட்டிருக்கா, அசையாம. நேரா வந்து, பொம்மையா நடிக்கிறியாம்மாண்டு கேட்டுட்டாரு. வந்துச்சே எனக்கு! "யோவ், எந்தங்கச்சி உனக்குப் பொம்மையாய்யா?"ண்டு எகிறிட்டேன். அவ என்னைய ஓரமாத் தள்ளிட்டு, "என்ன சார் செய்யணும்?"ண்டா.

ஒண்ணும் செய்ய வேணாம், அதான் சீனு. பொம்மை மூஞ்சிய மாட்டிக்கிட்டு மூலையில நாற்காலியில உக்காரணும். கதாநாயகி துணி மடிச்சுக்கிட்டிருப்பா. கடைசியில பொம்மை மெதுவாக் கழுத்தைத் திருப்பணும். ரெண்டே நிமிசம். படம் வந்தப்ப தியேட்டர்ல அந்த இடத்துல வீல்ண்டு கத்துனாய்ங்க பாருங்க, ஆம்பளையெல்லாம் கத்துறான்! முத்துமீனா இருட்டுல என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, என்னையப் பாத்து ஒருத்தரும் சிரிக்கலண்ணே"ண்டு சொன்னா. நான் அழுதுட்டேன். இதுல என்ன வெக்கம், அழுதேன்.

படம் ஓடுச்சு. பாத்தவன் எல்லாம் பொம்மையப் பத்தியே பேசுனான். விடுவாய்ங்களா? பொம்மைய மட்டும் தனியாப் பிரிச்சு ஒரு முழுப்படம் எடுக்குறோம்ண்டு வந்துட்டாய்ங்க. அந்தப் படத்துப் பேரச் சொல்லி என்ன ஆகப்போகுது, விடுங்க. மே மாசம், இருபத்திரண்டு நாள். அந்த ரப்பர் மூஞ்சிக்குள்ள கிடந்து கழுத்துத் தோலு உரிஞ்சுபோச்சு அவளுக்கு. ஸ்ட்ராவ வச்சு மோர் குடிச்சுக்கிட்டே வேலை பாத்தா. ஒரு நாளும் முடியலண்டு சொன்னதில்ல.

ஆனா ஒரு விசயத்துக்கு மட்டும் டைரக்டர்கிட்ட மல்லுக்கட்டுனா. பொம்மை ஓடணும், சுவரேறிக் குதிக்கணும், ஹீரோவை விரட்டணும்ண்டு அவரு சொல்லுறாரு. இவ சொன்னா: "சார், பொம்மை அசையாம இருக்குற வரைக்கும்தான் பயம். ஓடவிட்டீங்கண்டா அது பொம்மை இல்ல, குட்டையா ஒரு பொம்பளை ஓடுறா, அம்புட்டுத்தான். சனம் சிரிச்சுரும் சார்." அவரு, "படம் பூராம் உக்காந்தே இருந்தா எவன்மா பாப்பான்?"ண்டுட்டாரு. ஒத்துக்கிட்ட வேலையாச்சேண்டு ஓடுனா. சிரிச்சுருவாய்ங்களோங்குற பயம் மட்டும் படம் வர்ற வரைக்கும் அவ மூஞ்சியிலருந்து போகல.

ரிலீஸ் அன்னைக்கு மத்தியானக் காட்சி. கம்பெனியில அவ கூட வேலை பாக்குற பொம்பளைங்க நாப்பது பேரு, சூப்பர்வைசர் சத்யப்ரியா தலைமையில, முழு வரிசைய அடைச்சு உக்காந்துட்டாங்க. முதல் கால் மணி நேரம் பொம்மை அலமாரியில சும்மா உக்காந்திருக்கு. தியேட்டர்ல சத்தமில்ல. அப்புறம் அது இறங்கி ஓடுச்சு. பின்னாலருந்து ஒருத்தன், "ஏய், குள்ளச்சி ஓடுறாடா!"ண்டான்.

அம்புட்டுத்தான். கொல்லுண்டு சிரிப்பு. அதுக்கப்புறம் பொம்மை வந்தாலே விசில். சத்யப்ரியாவே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. நான் எந்திரிச்சுட்டேன். முத்துமீனா என் சட்டையப் பிடிச்சு இழுத்தா. "உக்காருண்ணே. படம் அப்படித்தான இருக்கு, சிரிக்காம என்ன செய்வாங்க." இடைவேளையில வீட்டுக்குப் போயிருவோம் வாடிண்டு கெஞ்சுனேன். வரமாட்டேண்டு கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தா. எனக்கு அவ்வளவு நேரம் இருப்பே கொள்ளல.

வெளிய வந்தா யூடியூப்காரன் ஒருத்தன் மைக்க நீட்டிக்கிட்டு நிக்கிறான், படம் எப்படி, படம் எப்படிண்டு. காலேஜ் பயலுக கூட்டம். "இது பேய்ப்படமா மாப்ள, காமெடிப்படம்டா"ண்டு ஒருத்தன் முட்டிய மடக்கிக்கிட்டு அவ ஓடுன மாதிரியே ஓடிக் காட்டுறான். சுத்தி நின்னவன் அம்புட்டுப் பேரும் சிரிக்கிறான். நான் கைய மடக்கிக்கிட்டுப் போறதுக்குள்ள அவ எனக்கு முன்னால போயிட்டா. யூடியூப்காரன் குனிஞ்சு மைக்கக் கொடுத்தான்.

"படம் நல்லாயில்ல"ண்டா. "ஓடவிட்டது தப்பு. ஓடக்கூடாதுண்டு நான் அப்பவே சொன்னேன், அவங்க கேக்கல. ஓடுனது நான்தான்."

அவ மைக்க அவன்கிட்டயே கொடுத்துட்டு தியேட்டர் படியில உக்காந்தா. கை ரெண்டையும் மடியில வச்சா. ரப்பர் மூஞ்சி கிடையாது, பொம்மைக் கவுனு கிடையாது, வெறும் சுடிதாரு, மத்தியான வெயிலு. அப்படியே இருந்தா. முதல்ல ரெண்டு பேரு சிரிச்சாய்ங்க. அப்புறம் ஒருத்தன் மட்டும். அப்புறம் ரோட்டுல போற பஸ்சு ஹாரன் மட்டும்தான் கேக்குது. மெதுவா, மெதுவாக் கழுத்தைத் திருப்பி, ஓடிக் காட்டுனானே, அந்தப் பயலப் பாத்தா. அவன் ஒரு படி இறங்குனான். இன்னொரு படி இறங்குனான்.

"அக்கா, போதும்க்கா"ண்டான்.

எந்திரிச்சுப் பின்னால தூசியத் தட்டிக்கிட்டா. சத்யப்ரியா ஓடியாந்து அவ கையப் பிடிச்சு, "மன்னிச்சுக்கடி"ண்டு அழுகுது. யூடியூப்காரன் பம்மிக்கிட்டே, "அடுத்த பார்ட்ல நடிப்பீங்களாக்கா?"ண்டான். "ஓடச் சொல்லலேண்டா வாரேன்"ண்டுட்டு, "அண்ணே, வண்டிய எடு, நாளைக்கு மொத ஷிப்ட்டு"ண்டா.

ஒரே வயித்துல பொறந்தவன் நான். என் தோள்ல வளந்த புள்ள. அதுக்காகப் பொய் சொல்லமுடியுமா? பின்சீட்டுல அவ உக்காந்திருந்தா, அசையாம. வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் ஆட்டோ கண்ணாடியில அவளப் பாக்கத் துணியவே இல்ல.