எவ்வளவு வெளியே விழுந்தது?

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. தலையில் என்னுடையதல்லாத ஒரு வெள்ளைத் தொப்பி. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம்.

எங்கிருந்து நடக்கிறேன் என்கிறீர்களா? மெல்பேர்னில் ஒரு டென்னிஸ் மைதானத்திலிருந்து. எழுபதுகளின் நடுப்பகுதி. கோடைக்காலம். அங்கே கோடை என்றால் ஜனவரி.

டென்னிஸுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்... வாரா வாரம் என்னைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறினேன். மெல்பேர்ன் துறைமுகத்தில் இறங்கினேன். கப்பல் கிளம்பியபோது நான் அதில் இல்லை. அவ்வளவுதான் என் குடியேற்றக் கதை.

கையில் ஒரு காகிதம் கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு அந்த மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை கிடைத்தது. தண்ணீர் விட வேண்டும். காலையில் சுண்ணாம்பு கரைத்துப் புல்தரையில் கோடு போட வேண்டும். தலைமைத் தோட்டக்காரர் மிக் என்னை எதுவும் கேட்கவில்லை. சண்முகம் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ‘சாம்’ ஆக்கிவிட்டார்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். “சாம்!” என்ற குரல்.

திரும்பினேன். ஹெங்க்.

இந்த உலகத்தில் அந்த நேரத்தில் நான் பார்க்க விரும்பாத ஒரே ஆள்.

ஹெங்க்குக்கு வயது பத்தொன்பது. ஹாலந்துக்காரன். ஆறடி இரண்டங்குலம். உடம்பு முழுக்க முட்டியும் முழங்கையும்தான். டென்னிஸையே தொழிலாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஆட்டக்காரன். பெரிய ஆட்டக்காரர்கள் ஹோட்டலில் தங்குவார்கள். ஹெங்க் எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்து, நாங்கள் பிரஷ் கழுவுகிற தொட்டியில் தன் வெள்ளை பனியனைத் துவைத்துக் காயப்போடுவான். கையில் இரண்டு மர ராக்கெட். ஒன்றின் சட்டம் விரிசல் விட்டு, பசை போட்டு ஒட்டியது.

அவன் ஊரில் புல்தரை கிடையாது. செம்மண் தரையிலும் கூரை போட்ட ஹாலிலும் ஆடிப் பழகியவன். மண்ணில் பந்து எழும்பி இடுப்புக்கு வரும். புல்லில் வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வரும். குனிந்து குனிந்து ஆடியதில் அவன் வலது முட்டி எப்போதும் புல்கறை பட்டுப் பச்சையாக இருக்கும்.

நான் கோடு போட்டு முடிக்கிற அதிகாலையில் வந்துவிடுவான். ஒரு கூடை பந்தை என்னிடம் கொடுத்து வீசச் சொல்வான். வீசுவேன். அடிப்பான். பேச்சு அதிகம் கிடையாது. ஆனாலும் மூன்று வாரத்தில் ஒருவனைத் தெரிந்துகொள்ள அது போதாதா?

அந்தக் கோடையில் இங்கே வருவதற்கு முன் நான்கு ஊர்களில் தகுதிச் சுற்று ஆடினான். நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியே. அவன் அப்பா ஒரு வருடம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் ஏதாவது ஒரு போட்டியில் தகுதிச் சுற்றைத் தாண்டி மெயின் டிராவில் பெயர் வரவேண்டும். வராவிட்டால் ஊர் திரும்பி அவருடைய ஜன்னல் கண்ணாடி வியாபாரத்தில் உட்கார வேண்டும். கெடு அந்த மாதக் கடைசியில் முடிகிறது.

எங்கள் மைதானத்தில் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டான். மூன்றாவதையும் ஜெயித்தால் மெயின் டிரா. அந்த மூன்றாவது ஆட்டம்தான் அன்றைக்கு.

வடக்கிலிருந்து நெருப்புக் காற்று. கோடு பார்க்கிற நடுவர்கள் எல்லாம் வயதானவர்கள், ஆர்வத்துக்காக வந்து உட்காருகிறவர்கள். ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். மாற்று ஆள் இல்லை. மிக் என் தலையில் தன் தொப்பியை வைத்து, ஓரக்கோட்டுக்கு நேராகப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். பந்து வெளியே போனால் ‘அவுட்’ என்று கத்த வேண்டும். உள்ளே என்றால் இரண்டு உள்ளங்கையும் தரையைப் பார்க்க விரிக்க வேண்டும். கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். வாயைத் திறக்கவே கூடாது. பத்து விநாடியில் பாடம் முடிந்தது.

எனக்குத் தெரியாததா? தினமும் நான் போடுகிற கோடு.

மூன்றாவது செட். ஹெங்க் ஐந்து, எதிராளி நான்கு. மேட்ச் பாயிண்ட், அந்த ஒன்றை எடுத்தால் ஆட்டம் ஹெங்க்குக்கு. எதிராளி உள்ளூர்ப் பையன், வலைக்கு ஓடி வந்தான். ஹெங்க் குனிந்து, பேக்ஹேண்டில், அவனைத் தாண்டி ஓரமாக ஒன்று விட்டான்...

பந்து கோட்டில் விழுந்தது. நான் காலையில் போட்ட சுண்ணாம்பு லேசாகப் புகைந்ததைப் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

“அவுட்!” என்று கத்தினேன்.

ஏன்? ஐம்பது வருடமாக யோசித்திருக்கிறேன். எனக்கு நான்கு அக்கா. சின்ன வயதில் அவர்களோடு நான் ஆடியதெல்லாம் பாண்டிதான். பாண்டியில் சில்லைக் கட்டத்துக்குள் எறிய வேண்டும். சில்லு கோட்டில் விழுந்தால்? அவுட். காலால் கோட்டை மிதித்தால்? அவுட். நான்கு பேரும் சேர்ந்து கத்துவார்கள். கோடு என்றாலே அவுட் என்று என் உடம்பு படித்துவைத்திருந்தது. மிக் சொன்ன பாடத்துக்கு வயது ஒரு மணி நேரம். இந்தப் பாடத்துக்கு இருபது வருடம்.

சரி, அது தவறு. யாருக்கும் வரும். அதற்குத் திருத்தமும் உண்டு. கோட்டு நடுவர் கையைத் தூக்கி, ‘தப்பாகச் சொல்லிவிட்டேன்’ என்றால் போதும்.

உயரமான நாற்காலியில் இருந்த அம்பயர் என் பக்கம் திரும்பினார். “நிச்சயமாகத் தெரியுமா?” என்று கேட்டார்.

மரத்தடியில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதிராளி பார்த்தான். ஹெங்க் பார்த்தான். அந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. நகரு, தூக்கு, போ. அதுதான் எனக்குத் தெரிந்த பேச்சு. இப்போது ஒரு ஆட்டமே நின்று என் வாயைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“நிச்சயம் சார்,” என்றேன்.

அந்த கேமும் அடுத்த இரண்டும் எதிராளிக்கு. ஏழு-ஐந்து. ஹெங்க் வலைக்கு வந்து கைகுலுக்கினான். நான் என் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பின்வாசல் வழியாகக் கிளம்பினேன்.

அப்படித்தான் அந்த மண்பாதைக்கு வந்தேன்.

ஹெங்க் என்னைத் திட்ட ஓடி வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். அவன் சாதாரணமாகப் பக்கத்தில் நடந்தான். தபால் நிலையம் மூடுவதற்குள் போக வேண்டுமாம். அப்பாவுக்குத் தந்தி. சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் காட்டினான். எழுதியே வைத்திருந்தான். ‘தோற்றேன். வருகிறேன்.’

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

“அந்தப் பந்து எவ்வளவு வெளியே விழுந்தது, சாம்?”

நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

“ஒரு விரலா? ஒரு கையா? சும்மா தெரிஞ்சுக்கத்தான். என் பக்கத்திலிருந்து அது நல்ல பந்தாகத் தெரிந்தது. எங்க அப்பா எப்பவும் சொல்வார். சும்மா ஆடும்போது உன் கை சரியா இருக்கும், முக்கியமான நேரத்தில் தப்பும்னு. அவர் சொன்னது சரியா இருக்கும்போல.”

இதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பொய்யை நீட்டியிருப்பேன். ஒரு விரல் என்று சொல்லியிருப்பேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பரீட்சை முடிவைக் கேட்கிற மாதிரி கேட்டான். என் ஒரு சத்தத்தை எடுத்துக்கொண்டு, தன் வாழ்க்கைக்கே மார்க் போட்டு முடித்துவிட்டான்.

“வெளியே விழவில்லை,” என்றேன்.

அவன் நின்றான். ராக்கெட் பையைக் கீழே வைத்தான்.

பாண்டியைப் பற்றிச் சொன்னேன். அக்காக்களைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அவர் உன்னைக் கேட்டாரே. ரெண்டாவது தடவை கேட்டாரே.”

“ஆமா.”

“அப்போ அது பாண்டி இல்லை.”

 

போட்டியை நடத்துகிற ரெஃப்ரியிடம் போய் இதைச் சொல் என்றான். சொன்னாலும் முடிவு மாறாது, அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் சொல் என்றான்.

 நான் தங்கியிருந்தது மெல்பேர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலில், கதிரேசு அண்ணனுடைய வீட்டு முன்னறையில். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு பாட்டில் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். என்னை உள்ளே விட்ட முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார்: “தம்பி, உம்மட பேரை ஒரு இடத்திலயும் எழுத விடாதையும்.” ரெஃப்ரி என்றால் நோட்டு இருக்கும். நோட்டு என்றால் பெயர் கேட்பார். பெயர் கொடுத்தால் அது எங்கே எங்கே போகும்?

ஹெங்க்குக்கு இதெல்லாம் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால், ‘சரி, வேண்டாம் விடு’ என்றிருப்பான். அப்படிப்பட்ட பையன்தான். அதனால்தான் சொல்லவில்லை.

திரும்பி நடந்தோம். இருபது நிமிடம். 

ரெஃப்ரி வயதான மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஸ்கோர் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அப்போதே ஏன் கையைத் தூக்கவில்லை என்று கேட்டார். எல்லோரும் பார்த்தார்கள் சார் என்றேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு நோட்டை எடுத்தார்.

“பெயர்?”

“சண்முகம்,” என்றேன். சாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் பொறுமையாக எழுதினார்.

வாசலில் மிக் நின்றிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. கோடு போடுகிறவனைக் கோடு பார்க்க உட்காரவைத்தது தன் புத்திகெட்டதனம் என்றார். என் தலையிலிருந்த தொப்பியை மெதுவாக எடுத்துக்கொண்டார். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. தொப்பியை எடுத்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஹெங்க் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மன்னித்தானா? அந்த வார்த்தையே அங்கே வரவில்லை. தந்திப் படிவத்தை எடுத்து, ‘வருகிறேன்’ என்பதை அடித்து, ‘சிட்னி போகிறேன்’ என்று எழுதினான். கெடு முடிய இன்னும் எட்டு நாள். சிட்னியில் இன்னொரு போட்டிக்குத் தகுதிச் சுற்று தொடங்க இருந்தது.

“இன்னிக்குத் தோத்தது தோத்ததுதான்,” என்றான். “ஆனா உன் ‘அவுட்’டை நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன்.”

கை கொடுக்கவில்லை. பஸ் நிலையத்தை நோக்கி நடந்தான். பச்சை முட்டி, இரண்டு ராக்கெட்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடையில் பொரித்த மீன் வாங்கினேன். சுற்றிக் கொடுத்த செய்தித்தாளில், பொடி எழுத்தில், சிட்னி போட்டியின் மெயின் டிரா ஆட்ட முடிவுகள். ஹெங்க் பெயர் இருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றிருந்தான், ஆறு-இரண்டு, ஆறு-ஒன்று. ஆனால் பெயர் இருந்தது. எண்ணெயோடு அந்தத் துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டேன். பிறகு அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. சாம்பியன்கள் பட்டியலில் தேடாதீர்கள், இருக்க மாட்டான். இப்போது அந்த நாற்காலியில் ஆளே உட்காருவதில்லையாம், மெஷின் சொல்லிவிடுகிறதாம். நல்லதுதான். மெஷினுக்கு அக்காக்கள் கிடையாது.

ரெஃப்ரியிடம் பெயர் கொடுத்த அன்று மாலையே கதிரேசு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

“பேரையும் குடுத்திட்டீரோ?”

“ஆமாண்ணே.”

“முழுப் பேரையுமோ?”

“ஆமாண்ணே. எழுத்துக்கூட்டி.”

 இன்னும் இரண்டு வெங்காயம் வெட்டினார்.

“நல்ல வேளை, அட்ரஸ் கேக்கேல்ல,” என்றார். பிறகு, “விடிய என்னோட வாரும். எங்கட இடத்தில ஆள் தேவையாம். காகிதம் ஒண்டும் கேக்க மாட்டினம்.”

மறுநாள் காலை பாட்டில் தொழிற்சாலையில் சேர்ந்தேன். வேலை என்ன தெரியுமா? உட்கார்ந்து பார்ப்பது. வெளிச்சம் போட்ட ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் காலி பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாகப் போகும். விரிசல் இருந்தால் எடுத்துவிட வேண்டும். தவறவிட்டுவிட்டால் கையைத் தூக்க வேண்டும், பெல்ட்டை நிறுத்துவார்கள். நிறுத்தினால் மொத்தத் தொழிற்சாலையும் நிற்கும், அதனால் யாரும் தூக்குவதில்லை என்று பக்கத்துச் சீட்டுக்காரன் இரகசியமாகச் சொன்னான்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கழுத்தில் விரிசலோடு ஒன்று என்னைத் தாண்டிப் போனது.

கையைத் தூக்கினேன்.

பெல்ட் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோர்மேன் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.