பன்னிரண்டு வட்டங்களில் ஒரு பெண்

எங்கள் ஆலோசகருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முகாமில் ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை. எல்லாருக்கும் அவர் வட்டக்கா. போகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்து வட்டம் போட்டால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

நான் அவருக்கு உதவியாளர். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தாள்களைச் சுருட்டுவது, கலர் பேனா காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது, வட்டக்கா யாருடனாவது சண்டைக்குப் போனால் பின்னாலேயே ஓடிச் சமாதானம் செய்வது. இதில் மூன்றாவதுதான் எனக்கு முழுநேர வேலை.

ஊர் எரிந்து ஓடிவந்த பெண்களுக்கு என்ன பிழைப்பு ஏற்பாடு செய்யலாம் என்று எங்கள் நிவாரண அமைப்புக்கு யோசனை சொல்வதுதான் வட்டக்காவின் பிழைப்பு. மேலிடத்துக்குத் தையல் மிஷின் என்றால் உயிர். எந்த முகாமானாலும் முதல் லாரியில் தையல் மிஷின் வந்து இறங்கிவிடும். அதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மிஷினைக் குடுத்துட்டா முன்னேறிட்டாளா? அவ தைக்கிறப்ப தண்ணி வரிசையில யாரு நிப்பா? புள்ளைய யாரு பாப்பா? ஒரு நாள்ல எந்த நேரம் அவளுக்குச் சொந்தம்னு மொதல்ல கேளுங்கய்யா!" என்று ஃபோனில் கத்துவார். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கத்தான் வட்டம். ஒரு நாளை வட்டமாக வரைந்து இருபத்துநாலு துண்டாக்கி ஒவ்வொரு பெண்ணிடமும் கொடுப்பார். சமையலுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், பிள்ளைக்கு மஞ்சள், தூக்கத்துக்குக் கறுப்பு. படிக்கத் தெரியாதவர்கள்கூட அழகாகத் தீட்டிவிடுவார்கள். வெள்ளையாக இருக்கும் நேரத்தில் பயிற்சி வைப்போம்.

இருபது வருடமாக இதே வேலை, முகாம் விட்டு முகாம். அவருக்கு ஒரே மகள். இரண்டு வயதில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். இப்போது கல்லூரிப் பெண். அவள் பெரியம்மாவை "அம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்பாள். பெற்றவளிடம் ஃபோனில் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்பாள். அந்த "நீங்க"வைக் கேட்கும்போதெல்லாம் யாரோ கிள்ளுவது போல இருக்கும் என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு, உடனே தாளைச் சரியாகச் சுருட்டவில்லை என்று என்னைத் திட்டினார்.

இந்த முகாமில் ஐந்தாவது வரிசை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பதின்மூன்று தகர வீடுகள். மற்ற வரிசைகளில் கால் வைத்தால் குழாயடிச் சண்டை, பிள்ளைகள் கூச்சல் என்று காது கிழியும். இங்கே பெண்கள் மெதுவாகப் பேசுவார்கள். நாம் நுழைந்ததும் அதையும் நிறுத்திவிட்டுக் கடைசி வீட்டை ஒருமுறை பார்ப்பார்கள். ஒரே நேரத்தில், எல்லாரும். 

பன்னிரண்டு பேர் வட்டம் தீட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டிலும் இரண்டு மணி நேரம் வெள்ளை. அது பரவாயில்லை, நாங்கள் தேடுவதே அதைத்தான். ஆனால் தையல்காரி காலை ஆறிலிருந்து எட்டு வரை விட்டிருந்தாள். கோழிக்காரி மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை. ரொட்டி சுடுகிறவள் சாயங்காலம். கூடை முடைகிறவள் நடுராத்திரி இரண்டிலிருந்து நாலு வரை. அந்த நேரத்தில் கறுப்புத்தானே தீட்ட வேண்டும்?

"அப்ப என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருப்பேன்" என்றாள்.

"ரெண்டு மணிக்கு எழுந்து சும்மா உக்காருவீங்களா?"

"ஆமா."

கோழிக்காரியைக் கேட்டேன். "சும்மா உக்காந்திருப்பேன்." தையல்காரியும் அதே இரண்டு வார்த்தை, அதே குரல். சொல்லிக்கொடுத்து ஒப்பித்த மாதிரி.

பதின்மூன்றாவது பெண் கடைசி வீட்டுக்காரி. அவள் கூட்டத்துக்கு வரவே மாட்டாள். எட்டு வயது மகளோடு வீட்டிலேயே இருப்பாள், நாங்கள்தான் போய்ப் பார்ப்போம். சன்னல் இல்லாத அறை. தலையிலிருந்து மூக்கு வரை ஒரு நீலச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் இருப்பாள். மூன்று தடவை போனோம். முதல் தடவை தையலைப் பற்றி அப்படிப் பேசினாள், வட்டக்காவே நோட்டில் குறித்துக்கொண்டார். இரண்டாம் தடவை மாவு பிசைவது, அடுப்புச் சூடு, ரொட்டி ஏன் உப்பவில்லை என்று அத்தனையும் விரல் நுனியில். மூன்றாம் தடவை கோழி நோய்கள். "இருபது வருஷத்துல இப்படி ஒருத்தியப் பாத்ததில்லடி!" என்று வட்டக்கா குதித்தார். முகாமில் புதிதாகத் தொடங்கும் பொது ரொட்டி அடுமனைக்குத் தலைவியாக அவளைத்தான் போட வேண்டும் என்று பட்டியலில் முதல் இடம் கொடுத்து, அன்று மாலையே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். இந்த அவசரம் அவருக்கு எப்போதும் உண்டு.

மறுநாள் அந்தச் செய்தியைச் சொல்லப் போனோம். வட்டக்கா உள்ளே பேசிக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். அந்தச் சிறுமி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு அம்மா குள்ளமா இருக்காங்க" என்றாள்.

"என்னம்மா சொன்ன?"

"நேத்து உயரமா இருந்தாங்க. கையில தழும்பு இருந்துச்சு. இன்னைக்கு இல்ல." மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தொனி. சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

நான் திரும்பி உள்ளே பார்த்தேன். நீலச் சால்வைக்குள்ளிருந்து நீட்டிய கை வழவழவென்று இருந்தது. நேற்று அந்தக் கையில் தழும்பை நானே பார்த்தேனே!  வட்டக்காவை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"பேய் பிசாசுன்னு உளறாத" என்றார். ஆனால் அவர் முகமும் சரியில்லை. அலுவலக அறையில் பன்னிரண்டு வட்டங்களையும் மேசையில் பரப்பினார். வெள்ளை இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து வெற்று வட்டம் ஒன்று போட்டார். தையல்காரி விட்ட இரண்டு மணி நேரத்தை அதில் பென்சிலால் நிரப்பினார். அடுத்து கோழிக்காரி விட்டதை. அடுத்தவள், அடுத்தவள். ஒன்றின் மேல் ஒன்று ஏறவே இல்லை. ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்கியது. பன்னிரண்டாவதை நிரப்பியதும் வட்டம் மூடிக்கொண்டது, இம்மி இடைவெளி இல்லாமல்.

பன்னிரண்டு பேர் விட்ட ஓட்டையில் ஒரு முழு ஆள். பட்டப்பகல், வெளியே யாரோ லாரியில் சரக்கு இறக்குகிறார்கள், எனக்கோ மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிற்கிறது.

"வா" என்றார் வட்டக்கா.

நாங்கள் கடைசி வீட்டுக்குப் போனபோது மணி நாலடிக்க இரண்டு நிமிடம். வாசலிலிருந்து சற்றுத் தள்ளி நின்றுகொண்டோம். பக்கத்து வீட்டிலிருந்து, பன்னிரண்டு பேரில் ஒருத்தியான தையல்காரியின் நாத்தனார் வந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் கோழிக்காரி வெளியே வந்தாள், தலைமுடியைக் கையால் கோதியபடி. உள்ளே எட்டிப் பார்த்தால் அதே மூலை, அதே நீலச் சால்வை. "அம்மா" என்று சிறுமி கூப்பிடுகிறாள். "என்ன கண்ணு?" என்று புதுக் குரல் கேட்கிறது.

கோழிக்காரி எங்களைப் பார்த்ததும் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து வட்டக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரியும் ஓடிவந்தாள். அவள்தான் சொன்னாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால், முகாமுக்கு வந்த ஒன்பதாம் நாள், சிறுமியின் அம்மா விட்டுவந்த கைக்குழந்தையைத் தேடி வேலியைத் தாண்டிப் போயிருக்கிறாள். "ரெண்டு நாள் பாத்துக்கங்கக்கா" என்று தையல்காரியிடம் சொல்லிவிட்டு. திரும்பவில்லை. பெற்றவர் இல்லாத பிள்ளையைத் தலைநகர்க் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவது முகாம் விதி. மூன்றாவது வரிசையிலிருந்து அப்படிப் போன அண்ணன் தம்பி எங்கே இருக்கிறார்கள் என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதனால் வரிசையே முடிவு பண்ணியது, அம்மா வருகிற வரைக்கும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று. ஆளுக்கு இரண்டு மணி நேரம். எந்த நேரம் அதிகாரி கதவைத் தட்டினாலும் சால்வைக்குள் ஒருத்தி இருப்பாள்.

"வட்டத்துல அதை என்ன கலர்ல தீட்டுறதுன்னு தெரியல மேடம். அதான் விட்டுட்டோம். ஒளிச்சு வைக்கணும்னு மத்ததெல்லாம் யோசிச்சோம், இது தோணல" என்றாள் தையல்காரி.

"ஐயோ, பட்டியல்!" என்றார் வட்டக்கா. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பட்டியல் போய்விட்டது. தேர்வான பெண்ணுக்கு வியாழக்கிழமை கருவிழிப் பதிவு. முகாமுக்கு வந்த அன்று எடுத்த கண் படத்தோடு மிஷினில் ஒத்துப்போக வேண்டும். பன்னிரண்டு பேர் கண்ணும் ஒத்துப்போகாது. ஏழு மாதம் ஒருத்தருக்கும் தெரியாமல் காப்பாற்றிய பிள்ளையை நாங்கள் முதல் இடம் கொடுத்துக் காட்டிக் கொடுத்திருக்கிறோம்.

"பாவி, பாவி" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார் வட்டக்கா. மேலிடத்துக்கு ஃபோன் போட்டார். பட்டியலை மாற்ற முடியாது என்றார்கள். கத்தினார், கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. கடைசியில் உட்கார்ந்து அமைப்பின் தாளில் ஒரு கடிதம் எழுதினார்: இந்தப் பெண்ணை நானே நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு மாதத்தில் திரும்புவாள். ஒரு கையெழுத்து பிசகினால்கூட என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர், முழுப் பொய்யின் கீழே தன் பெயரை எழுதி முத்திரை குத்தினார். பெண்களையும் சிறுமியையும் இதையே சொல்லச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உள்ளே பன்னிரண்டு பேரும் சுவரோரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சிறுமி தையல்காரியின் மடியில். அறையில் இடமில்லாததால் அவர் வாசல்படியிலேயே நின்றார், நாங்கள் அவருக்குப் பக்கத்தில். கடிதத்தைப் படித்தார். "நீங்க அனுப்பியிருந்தா சரிதான் மேடம்" என்று பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மனிதர் அதோடு போயிருக்கலாம். பிள்ளையிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேச நினைத்தார். "ஒரு மாசத்துல அம்மா வந்துடுவாங்க. வரும்போது உனக்கு என்ன வாங்கிட்டு வருவாங்க?"

சிறுமி அவரைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். வட்டக்காவைக் கை காட்டினாள்.

"வரலன்னா இவங்களை ஜெயில்ல போடுவீங்களா?"

"ஏன் வராம இருப்பாங்க?"

"வரமாட்டாங்க சார். வேலி தாண்டி பாலத்துக்கு அடியில படுத்திருக்காங்க." அதே மழை வரப்போகிற தொனி. "போன அன்னைக்கே நான் பின்னாடியே போனேன். கூப்பிட்டேன். எழுந்திருக்கல. என் துண்டை மூஞ்சி மேல போட்டுட்டு வந்துட்டேன்."

 ஏழு மாதம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை அந்தச் சால்வைக்குள் ஒருத்தி நுழைவதைப் பார்த்து, பன்னிரண்டு முறை "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறது அந்தப் பிள்ளை, எல்லாம் தெரிந்தே.

"ஏன்டி கண்ணு எங்ககிட்ட சொல்லல?" என்றாள் தையல்காரி.

"சொன்னா நீங்க யாரும் வரமாட்டீங்கல்ல."

அதிகாரி பேனாவை மூடினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், எனக்கு வேற வழியில்ல. நான் காதால கேட்டுட்டேன். திங்கக்கிழமை காப்பக வேன் வரும்."

தையல்காரி பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள், போகிறாள் என்று நினைத்திருப்பாள் போல. தையல்காரி நேராக வந்தாள். எங்கள் மூன்று பேர் முகத்துக்கு நேராகத் தகரக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் நான் முதன்முதலாக வாய்விட்டு அழும் சத்தத்தைக் கேட்டேன், ஒன்றல்ல, பன்னிரண்டு குரலும், நடுவில் ஒரு சின்னக் குரலும்.

வட்டக்கா கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். 

"மேடம், எந்திரிங்க. நீங்க எங்க ஆளு" என்றார் அதிகாரி.

"ஆமா. அதான் வெளிய உக்காந்திருக்கேன்" என்றார் வட்டக்கா.

திங்கட்கிழமை வேன் வந்தது. கதவு திறக்கவில்லை. வட்டக்கா படியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. வேன் பிள்ளை இல்லாமல் திரும்பிப் போனது. அவர் வேலை போய்விட்டது என்ற கடிதம் புதன்கிழமை வந்தது, படியில் வைத்துத்தான் பிரித்துப் படித்தார்.