அம்மாவுக்கு வைத்த லத்தீன் பெயர்

மரப்படிகளுக்குப் பூசுகிற மெழுகின் வாசனை, டர்பன்டைன் கலந்து மூக்கைச் சற்றே எரிக்கிற அந்த வாசனைதான், ஸ்டுட்கார்ட் என்றதும் எனக்கு முதலில் வருகிறது. அறுபதுகளின் கடைசியில் அப்பா அங்கே வெப்ப இயந்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனபோது எனக்கு ஏழு வயது. மேட்டில் ஏறுகிற தெரு ஒன்றில், பழைய வீட்டின் உச்சி மாடியில், இரண்டு அறைகளில் நாங்கள் மூவரும் குடியிருந்தோம். குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராக முறை வைத்துப் படிக்கட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். யார் முறையோ அவர் கதவில் "கேர்வோக", அதாவது பெருக்கும் வாரம், என்று எழுதிய அட்டை தொங்கும். அம்மாவோ, அட்டை யார் கதவில் தொங்கினாலும் தானே பெருக்கி மெழுகினாள். வாசலில் விழுந்த பனியைத் தள்ளினாள், நிலவறையிலிருந்து கரி வாளியைச் சுமந்து வந்தாள், துவைத்ததையே மறுபடி துவைத்தாள். பேச்சுத்துணைக்கு ஒரு தமிழ்க்குரல் இல்லாத ஊரில், உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்திருப்பாள் போலும்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா ஃப்ராவ் ஹெல்டர், படியில் குனிந்திருந்த அம்மாவைக் காட்டி, முதல் மாடியில் இருந்த தையற்காரி இலோனாவிடம், "இவள் ஒரு பெர்பேட்டுவும் மோபிலே!" என்றார். வசவோ புகழ்ச்சியோ தெரியாமல் நான் அந்தச் சொல்லை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது ஜெர்மன் இல்ல கண்ணு, லாட்டின். ஒரு தடவை தள்ளிவிட்டா நிக்காம ஓடிக்கிட்டே இருக்கிற மெஷின். கரி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். இங்கிலீஷ்ல பெர்பெச்சுவல் மோஷன்னு சொல்வோம்."

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்று தோசையைத் திருப்பியபடி அம்மா கேட்டாள்.

"இருக்கவே முடியாது. ஃபிசிக்ஸ் ஒத்துக்காது. எந்த மெஷினும் கொஞ்சம் கொஞ்சமா சூட்டை இழந்துக்கிட்டே இருக்கும், கடைசியில நின்னுடும்."

அம்மா அடுத்த தோசையை ஊற்றினாள். அந்தப் பெயர் வீடு முழுக்கப் பரவிவிட்டது. சிறு வயதில் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த இலோனா, அது தங்கள் ஊரிலும் வழங்குகிற சொல்தான் என்று முதல் எழுத்தை அழுத்திச் சொன்னாள். கீழ்த்தளத்தில் இருந்த இத்தாலியத் தொழிலாளி சால்வோ, தன் மொழியில் அதைத் திருப்பிப்போட்டு "மோட்டோ பெர்பேத்துவோ" என்று பாட்டுப் போல இழுத்தார். ஒருவர் ஊர்ப்பெயர் இன்னொருவர் வாயில் நுழையாத அந்த வீட்டில், யாருமே பேசாத மொழியின் இரண்டு சொற்கள் எல்லோருக்கும் புரிந்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அவை என் அம்மாவைக் குறித்தன என்பதில் பெருமை வேறு. அப்பாவும் வேலையிலிருந்து வந்ததும், "எங்கே நம்ம பெர்பேட்டுவும்?" என்று கேட்கத் தொடங்கினார்.

இரண்டாம் குளிர்காலத்தில் கும்பகோணத்தில் சித்தியின் கல்யாணம் நடந்தது. எங்களால் போக முடியவில்லை. புகைப்படம் தபாலில் வந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள், கண்ணாடிச் சட்டத்தில் செருகினாள், வழக்கம்போலச் சமைத்துப் பாத்திரம் கழுவினாள். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வந்து பார்த்த டாக்டருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். அப்பா வைத்த கஞ்சி அடிப்பிடித்தது. படுக்கையோரம் போய் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

"அம்மாவும் சூட்டை இழந்துட்டாங்களாப்பா? நின்னுடுவாங்களா?" என்று கேட்டேன்.

அப்பாவின் முகம் அன்று வாடிப்போனதைப் போல நான் பிறகு எப்போதும் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ராவ் ஹெல்டர் கேக்கோடும், சால்வோ ஆரஞ்சுப் பழங்களோடும், இலோனா வெறுங்கையோடும் மாடியேறி வந்தார்கள். "எங்கள் பெர்பேட்டுவும் மோபிலே எங்கே?" என்று வீட்டுக்காரம்மா அன்பாகத்தான் கேட்டார். அவிழ்ந்த கூந்தலோடு அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அதுவரை "டாங்கெ" என்ற நன்றியைத் தவிர வேறு ஜெர்மன் பேசியிராதவள், அன்று உரத்த குரலில் சொன்னாள்: "நைன். இஷ் நிஷ்ட் மஷீனெ. இஷ் ம்யூடெ."

நான் மெஷின் இல்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. இலக்கணம் தப்பு, ஆனால் அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஃப்ராவ் ஹெல்டர் கேக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும்தான்" என்றார். இருவரும் அழுதார்கள். இலோனா சால்வோவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

அடுத்த துவைக்கும் நாளில் துணிக்கூடையோடு நிலவறைக்கு இறங்கியவர் அப்பா. ஆராய்ச்சியாளர் சேலை அலசுவதைப் பார்த்துச் சால்வோ முதலில் சிரித்தார். பிறகு மறுமுனையைப் பிடித்து முறுக்கிப் பிழிய உதவினார். முற்றத்தில் காயப்போட்ட சேலைகள் பனியில் விறைத்துக் கதவுப் பலகைகள் போல நின்றன. ஜன்னல் வழியே அதைப் பார்த்த அம்மா, "ஏங்க, அதை மடிச்சுடாதீங்க, ஒடிஞ்சுடும்!" என்று கூவிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வசந்தம் வந்ததும் இலோனா அவளை மாலை நேர ஜெர்மன் வகுப்புக்கு அழைத்துப் போனாள். எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஊர் திரும்புவதற்குள், அம்மா அங்கத்திய காய்கறிக் கடைக்காரரோடு அந்த மொழியில் சண்டை போடவே பழகியிருந்தாள்; மத்தியானங்களில் ஜன்னலோரம் காப்பியோடு சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்தப் பட்டப்பெயரை அப்போது யாரும் சொல்லவில்லை; திருமதி என்ற மரியாதையோடு, ஃப்ராவ் கமலா என்றே அழைத்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வேலையாக ஸ்டுட்கார்ட் போயிருந்தேன். அந்த வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். இலோனாவும் சால்வோவும் எங்கே போனார்கள் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவருமில்லை. போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு உண்மையிலேயே உடம்பு முடியவில்லையா, அல்லது போதும் என்று அவளாகவே முடிவு செய்து படுத்தாளா என்பதை எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கும் அது தெரியாதாம்.