எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை

போலீஸ் வேலைக்கு என்னைப் பாளையங்கோட்டையில் வைத்து அளந்தார்கள். உயரம், மார்பு, ஓட்டம் எல்லாம் தேறிவிட்டது. "ஊர்ல விசாரிச்சுட்டுத்தான் ஆர்டர் வரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்வேன்.

அறுபதுகளுக்கு முந்திய தென்காசி அது. போலீஸ் என்றால் எங்களுக்குக் காக்கி நிஜார்தான். வேட்டி கட்டிய போலீசும் உண்டு என்று எவன் கண்டான்?

சாரல் காலம். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு தெருமுனைக்கு வந்தேன். தலைமுடியை ஒட்ட வெட்டிய வேட்டிக்காரர் ஒருவர் என் பெயரைச் சொல்லி, "தெரியுமா தம்பி?" என்றார். முன்பின் தெரியாதவர் கேட்டால் கையை விரிப்பது எங்கள் தெருப் பழக்கம்.

"அப்படி யாரும் இல்லையே அண்ணாச்சி" என்றேன். அவர் போய்விட்டார்.

டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "ஏலே, தெருவே ஒத்த வாயில இல்லன்னுட்டோம்லா! வாரண்டு கிரண்டுன்னா ரெண்டு நாள் இலத்தூர்ப் பக்கம் போயி இருலே."

ஆர்டருக்காக விசாரிக்க வந்த ஆள் அவர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போச்சு! விழுந்தடித்து ஓடி, பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன்.

"அது நான்தான் ஐயா."

ஸ்பெஷல் பிராஞ்ச் ஏட்டு அவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போலீஸ்ல சேரப்போறவன் போலீஸ்கிட்டயே பொய் சொல்லுதியாலே?"

"நீங்க போலீசுன்னு தெரியாதுய்யா."

"தெரியக் கூடாதுன்னுதாம்லே வேட்டி கட்டி அனுப்புதாவ. ஸ்டேஷன் போலீஸ் வேற, ரிசர்வ் போலீஸ் வேற, நாங்க வேற. சரி, நீதான் அவன்னு யாரு சொல்லுவா?"

"எங்க அம்மா சொல்லுவா."

அதைத்தான் நான் பெரிதாக நம்பியிருந்தேன். அவர் என் கையைப் பிடித்தபடியே வீட்டு வாசலுக்கு வந்தார். போலீஸ் என்னைப் பிடித்துவிட்டது என்று அதற்குள் பஸ் ஸ்டாண்டில் பார்த்த யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஆச்சி, இது ஒங்க மவனா?"

அம்மா என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா, சொல்லும்மா!" என்று கெஞ்சினேன்.

"யாரு பெத்த பிள்ளையோ ஐயா, எனக்குத் தெரியாது." அவள் குரல் உடைந்தது. "அடிச்சிராதிய."

நான் அழுதுவிட்டேன். ஏட்டையா என் கையை விட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பிரித்தார்.

"ஒங்க பேரு என்ன ஆச்சி? தாயார் பேருன்னு ஒரு இடம் இருக்கு, எழுதணும்."