கார்டில் பேர் இல்லாத ஊர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை நானே ஒத்துக்கொள்ள இத்தனை வயதாயிற்று. அந்தக் கோபத்தை ஒரு நாள் பொறுத்துக்கொண்ட ஒரு மனிதருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பஸ் கண்டக்டர். நான் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் முதல் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருஷம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுந்து நடமாடக் கூடாது, ஒருக்களித்துப் படுத்தே இருக்க வேண்டும், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாது. முதல் இரண்டும் சரி, மூன்றாவதை எப்படிச் செய்வது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அக்கா விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பக்கத்து வீட்டுத் தறியில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சத்தம் நிற்கிறது என்று அவளுக்குக் கணக்கே தெரியும்.

மாமாவுக்கு ஓசூரில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அவள் பொழுதுபோவதற்காக ஒரு விளையாட்டு சிடி வாங்கி வந்தார். ஊர் கட்டுகிற விளையாட்டு. முதலில் வெறும் பொட்டல்தான் இருக்கும். அதில் ரோடு போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, வீடு கட்டி, கடை வைத்து ஊரை வளர்க்க வேண்டும். நான் மேஜையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மானிட்டரைச் சாய்த்து, பரீட்சை அட்டையின் மேல் மவுஸை வைத்துக் கொடுத்தேன். டி டிரைவில் 'விளையாட்டு' என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஏற்றினேன். முகப்பில் ஐகான் வைத்துக் கொடுத்திருக்கலாம், சோம்பல். அவள் தினமும் அந்த ஃபோல்டரைத் தேடித் திறந்துதான் தன் ஊருக்குப் போவாள்.

எத்தனையோ வீடு கட்டலாம் அதில். அக்கா நாளைக்கு ஒரே ஒரு வீடுதான் கட்டுவாள். ஏன் என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினாள். பிறகு ஒரு நாள் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாதடி. இந்த ஊரு வளந்துக்கினு இருக்கறவரைக்கும் இதுவும் வளரும்னு நெனச்சுக்கினு கட்றேன்." சொல்லிவிட்டு வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். நான், "லூசு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்பதால், அக்கா விடிந்ததுமே அன்றைய வீட்டைக் கட்டி முடித்துவிட்டாள். அம்மா என் புத்தகங்களை அடுக்கி, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டாள். பிள்ளை வயிற்றில் இருக்கிறவள் தினமும் தொடுகிற சாமான் அல்லவா, பக்தி கூடிப்போயிற்று. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கல்லூரியிலிருந்து நான் கொண்டுவந்த பிளாப்பியில் வைரஸ். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் அண்ணன் ஒருவர் இருந்தார். எங்கள் கம்ப்யூட்டரும் அவர் கட்டிக்கொடுத்ததுதான். போய்க் கேட்டேன். "சி-யை மட்டும் ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டா சரியாயிடும்மா. டி-ல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாது. எடுத்துக்கினு வா, பண்ணித் தரேன்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் கம்ப்யூட்டர்தாண்ணா படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, மத்தியானம் அக்கா கண்ணயர்ந்த நேரத்தில் நானே ஃபார்மேட் செய்தேன்.

விண்டோஸ் புதிதாக வந்து உட்கார்ந்தது. டி டிரைவில் ஃபோல்டர் இருந்தது, விளையாட்டும் உள்ளே இருந்தது. திறந்தேன். 'இந்த விளையாட்டு இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றப்படவில்லை, சிடியைப் போட்டு ஏற்றவும்' என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அடப்பாவி, கண்ணுக்கு எதிரே இருக்கிறதே! பத்துத் தரம் திறந்தேன். பத்துத் தரமும் அதே பதில்.

சிடியை எடுத்தேன். அதன் பளபளப்பான பக்கம் முழுக்கக் கீறல்.

"மா! இதை என்ன பண்ண?"

"பூஜைல வெச்சேன். படம் இருக்கற பக்கம் பொட்டு வெச்சா படம் மறஞ்சிடும்னு, இந்தப் பக்கம் வெச்சேன். சந்தனம் காஞ்சு ஒட்டிக்கினு வரல. தேங்கா நார் போட்டுத் தேச்சேன்." குத்துவிளக்கு தேய்க்கிற பொடியையும் போட்டிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறியே நின்றது. அம்மாவும் விடவில்லை. "சரஸ்வதிய வெச்சுக் கும்பிட்டது ஒரு குத்தமாடி? வைரஸு நான் கொண்டாந்தேனா, நீ கொண்டாந்தியா?" என்றாள்.

அக்கா எழுந்ததும், மானிட்டர் ஒயர் போய்விட்டது என்று பொய் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணை மூடியபடியே, "மூணு நாளா வீடு கட்டலடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு ஏதாவது ஆனால் நான்தானே காரணம் என்று பயந்துவிட்டேன்.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். நேரே கடைத்தெருவுக்குப் போய், கடையில் நாலு பேர் நிற்கும்போதே அந்த அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். "நீங்கதான சொன்னீங்க டி-க்கு ஒண்ணும் ஆவாதுன்னு! இப்ப இல்லேங்குது! அர குறையா தெரிஞ்சுக்கினு எதுக்குக் கடை வெக்கறீங்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"ஒரு கேமுக்கா இவ்ளோ கோவம்? இன்னா விஷயம், சொல்லுமா."

அப்போதுதான் அழுதேன். அக்கா யாரிடமும் சொல்லாதே என்றதை, வழியில் போகிறவர்கள் நிற்க நிற்க, அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழியலமா. ஊரு அப்படியே இருக்குது. ரேஷன் கார்டுல பேரு இல்ல, அவ்ளோதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஆள் வீட்டில்தான் இருக்கிறார், சோறு தின்கிறார், தூங்குகிறார். ஆனால் கார்டில் பேர் இல்லாவிட்டால் ரேஷன் கடையில் அப்படி ஓர் ஆளே இல்லை என்பார்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் ரேஷன் கார்டு. ஃபார்மேட் பண்ணியதில் பழைய கார்டு போய்விட்டது. புது கார்டில் பேர் சேர்க்க வேண்டும். நான் கல்லூரியில் ரெஜிஸ்ட்ரியை வரையறை எழுதி மார்க் வாங்கியவள். அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

வேறொருவருக்கு அவர் கட்டிக்கொடுக்க வேண்டிய கம்ப்யூட்டர் ஒன்று கடையில் இருந்தது. அதில் இதே விளையாட்டை ஏற்றியிருந்தார். சிடியை அந்த ஆள் எடுத்துப்போய்விட்டார். "சிடி இருந்தாலும் வாணாம்மா. மேலயே போட்டா, பழைய ஊரு மேல புது ஊரு வந்து உக்காந்துக்கும்" என்றார். அந்தக் கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியிலிருந்து இந்த விளையாட்டின் பதிவை மட்டும் பிளாப்பியில் எடுத்துக்கொண்டு, கடையில் நின்றவர்களை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, சைக்கிளில் என் பின்னாலேயே வந்தார்.

அக்கா போர்வையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் படுத்தாள். "ஒயரு மாத்த வந்தாரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். நான் அம்மாவிடம் கத்தியது கோயில்வரை கேட்டிருக்கும்.

அவர் அந்தப் பதிவைத் திறந்து, விளையாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்த வரியை எங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றினார். "ஃபோல்டர் பேரு இன்னாமா?" "விளையாட்டுண்ணா." அடித்தார். பதிவைச் சேர்த்தார். விளையாட்டைத் திறந்தார். ஏற்றப்படவில்லை என்றே வந்தது. மறுபடியும் செய்தார். மறுபடியும் அதேதான்.

"எங்கியோ ஒரு இழ அறுந்துருக்குது" என்றார். அவர் வீட்டில் எல்லோரும் நெசவு. கம்ப்யூட்டருக்கு வந்தும் அவருக்கு அந்தப் பேச்சுதான். நானும் அவரும் திரையில் மூக்கு முட்டத் தேடினோம். எங்கள் இருவருக்கும் நடுவில் அக்கா கழுத்தை நீட்டினாள்.

"எல், ஏ போட்டீங்களேண்ணா, அதுக்கப்பறம் ஒரு ஐ வரும். இவ ஐ போட்டு எழுதியிருக்கறா. மூணு மாசமா தெனம் அதப் பாத்துக்கினுதான உள்ள போறேன்."

விளையாட்டு என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆளுக்கொரு விதமாகத்தானே எழுதுவோம். நான் 'லை'க்கு ஐ போட்டிருந்தேன், அவர் போடவில்லை. இந்த ஓர் எழுத்துக்குத்தான் இத்தனை கூத்து. அவர் அதைச் சேர்த்து, பதிவை மறுபடி ஏற்றி, திறந்தார்.

ஊர் வந்தது. நல்லவேளை, ஆடும்போது சிடி கேட்காத விளையாட்டு அது. குளம், கடைவீதி, ரோட்டில் ஊர்ந்துபோகும் வண்டி, தொண்ணூற்று மூன்று வீடு, எல்லாம் இருந்தது. அக்கா ஒவ்வொன்றாக எண்ணினாள். அவள் மவுஸை வாங்கி, விட்டுப்போன மூன்று நாளுக்கும் சேர்த்து மூன்று வீடு கட்டினாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல், "உங்க ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடம் குடுங்கமா" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே குளத்தங்கரையில் ஒரு கடை கட்டினாள். அம்மா காபி கொண்டுவந்தாள். அவர் சிடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "வெளக்கு மாதிரி தேச்சிருக்கறீங்கமா" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வாசல்வரை போய், "தேங்ஸ்ணா" என்றேன். "பாத்துக்கோமா அக்காவ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவர் போனபின் அக்கா சொன்னாள்: "நானும் அந்தக் கேமு மாதிரிதான்டி. இங்கதான் படுத்திருக்கறேன், கார்டுல கெடையாது." கல்யாணமானபோது எங்கள் கார்டிலிருந்து அவள் பேரை நீக்கி மாமா வீட்டுக் கார்டில் சேர்த்திருந்தோம். அவள் விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் என்னைப்போல. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் அக்கா ஓசூரிலிருந்து போன் செய்தாள்.

"ரேஷன் கார்டுல பாப்பா பேரு சேத்தாச்சுடி. அந்த ஆளு ஒரு எழுத்து விட்டுட்டான். நவுராம நின்னு எழுத வெச்சேன்."

"ஒரு எழுத்துதான, விட்டா என்ன?" என்றேன், கிண்டலாக.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு யோசிச்சு வெச்சிருந்தேன்டி. எங்கியும் எழுதாமலே போயிடுச்சு. இது எழுதியாச்சு" என்றாள்.